செல்லுக்குள் ஆக்சிஜனேற்றத்தை அளப்பது எப்படி? ஒளிரும் உயிரி உணரிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உயிர்வேதியியல், உயிரித் தொழில்நுட்ப ஆய்வேடுகளில் ஒரு படம் அடிக்கடி கண்ணில் படும். மருந்து கொடுக்காத செல்கள் மங்கலாகவும் கொடுத்தவை பளிச்சென்ற பச்சையாகவும் இருக்கும். கீழே ‘ஆர்ஓஎஸ் அதிகரித்தது’ என்று ஒரு வரி. ஆர்ஓஎஸ் என்பது ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற, எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகளின் பொதுப்பெயர். அந்தப் பச்சை பெரும்பாலும், ஆக்சிஜனேற்றம் அடைந்தால் ஒளிரும் டிசிஎஃப்டிஏ சாயத்தின் பச்சை. விலை குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும் என்பதால் எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள்.

அந்தச் சாயம் ஹைட்ரஜன் பெராக்சைடோடு நேரடியாக வினைபுரிவதில்லை. இடையில் இரும்போ, பெராக்சிடேஸ் நொதியோ, சைட்டோகுரோம் சி-யோ வேண்டும். செல் சாகத் தொடங்கி மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம் சி கசிந்தாலே பச்சை கூடிவிடும். பெராக்சைடு கூடியிருக்க வேண்டியதில்லை. சாயம் ஆக்சிஜனேற்றம் அடையும் வழியில் உருவாகும் தனி உறுப்பு (ஃப்ரீ ராடிக்கல்), ஆக்சிஜனோடு வினைபுரிந்து சூப்பராக்சைடு என்ற இன்னொரு ஆர்ஓஎஸ்-ஐயும் உண்டாக்குகிறது. எதை அளக்க வந்ததோ அதையே சாயம் உற்பத்தி செய்கிறது. ஒருமுறை ஒளிர்ந்தால் திரும்ப அணைவதும் இல்லை. எனவே செல் தன்னைச் சரிசெய்துகொண்டதா என்ற கேள்விக்கு அதனிடம் பதில் கிடையாது.

செல்லே தன் மரபணு இயந்திரத்தால் தயாரிக்கும் ஒளிரும் புரத உணரிகள் இந்தக் குறைகளில் பெரும்பாலானவற்றைத் தீர்க்கின்றன. உழைப்பு அதிகம், முதல் நல்ல அளவீடு கிடைக்கப் பல வாரங்கள் ஆகலாம். ஆனால் கிடைப்பது மில்லிவோல்ட்டிலோ ஆக்சிஜனேற்ற விழுக்காட்டிலோ சொல்லக்கூடிய ஒரு அளவு. முதுகலை மாணவரோ முதலாண்டு ஆய்வாளரோ, முதல்முறை இதைச் செய்பவரை மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

படி 1: எந்த மூலக்கூறு, செல்லின் எந்த அறை?

‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’ என்ற கருத்தை 1985-இல் நிலைநிறுத்தியவர் ஜெர்மனியின் ஹெல்முட் சீஸ். அது ஒரு நிலையின் பெயர். அந்தப் பெயரில் மூலக்கூறு எதுவும் கிடையாது, ஆகவே அதை அளக்கும் உணரியும் கிடையாது. அளக்க முடிந்தவை வேறு: ஹைட்ரஜன் பெராக்சைடின் அளவு, குளுட்டதயோன் என்ற ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு மூலக்கூறின் ரெடாக்ஸ் நிலை (அதில் எவ்வளவு ஆக்சிஜனேற்றம் அடைந்தது, எவ்வளவு அதற்கு நேர் எதிரான ஒடுக்க நிலையில் உள்ளது என்பது), எலக்ட்ரான் வழங்கும் என்ஏடிபிஎச்-இன் அளவு என்று தனித்தனியானவை. இவை ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பெராக்சைடு உயர்ந்தும் குளுட்டதயோன் அசையாமல் இருக்கும் செல்கள் ஏராளம். பெராக்சிரெடாக்சின்கள் என்ற நொதிகள் பெராக்சைடை முதலிலேயே பிடித்துவிடுகின்றன.

இடமும் அதே அளவு முக்கியம். ஆரோக்கியமான செல்லின் சைட்டோசாலில், அதாவது உள்நீர்மத்தில், குளுட்டதயோனின் மின்னழுத்தம் சுமார் −310 முதல் −320 மில்லிவோல்ட் வரை இருக்கும். எண் எவ்வளவு எதிர்மறையோ அவ்வளவு ஒடுக்கம். அதே செல்லின் எண்டோபிளாச வலைக்குள் சூழல் பல மடங்கு ஆக்சிஜனேற்றம் அடைந்தது. புரதங்கள் டைசல்ஃபைடு என்ற கந்தகப் பிணைப்புகளோடு மடிய அது தேவை. செல்லை உடைத்துக் கூழாக்கி அளந்தால் இவ்விரண்டும் கலந்துவிடும்.

ஆகவே முதல் நாள் வேலை ஒரு வாக்கியம் எழுதுவது. ‘இந்த மருந்து கொடுத்த முப்பது நிமிடத்துக்குள் ஹீலா செல்களின் மைட்டோகாண்ட்ரியா உட்பகுதியில் ஹைட்ரஜன் பெராக்சைடு உயர்கிறதா?’ என்ற அளவுக்குத் துல்லியமாக எழுதுங்கள். மூலக்கூறு, அறை, செல், நேரம் நான்கும் அதில் இருக்க வேண்டும்.

படி 2: உணரியைத் தேர்ந்தெடுத்தல்

இரண்டு குடும்பங்களை நன்றாகப் புரிந்துகொண்டால் போதும்.

முதலாவது ரோஜிஎஃப்பி, அதாவது ரெடாக்ஸ் நிலையை உணரும் பச்சை ஒளிர்புரதம். ஏக்வோரியா விக்டோரியா என்ற ஜெல்லிமீனின் பச்சை ஒளிர்புரதத்துக்காக ஷிமோமுரா, சால்ஃபி, சியென் மூவருக்கும் 2008-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அந்தப் புரதப் பீப்பாயின் சுவரில், அடுத்தடுத்த இழைகளில் 147, 204 ஆகிய இடங்களில் சிஸ்டீன் என்ற கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் இரண்டைப் பொருத்தினார்கள். ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரெமிங்டனின் குழுவும் சான் டியாகோவில் சியென் குழுவும் 2004-இல் வெளியிட்ட வேலை அது. இரு சிஸ்டீன்களும் டைசல்ஃபைடாக இணைந்தால் 400 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சுவது கூடுகிறது, 490 அருகே குறைகிறது. பிணைப்பு அவிழ்ந்தால் இது தலைகீழாகிறது. உமிழ்வு இரண்டிலும் 510 நானோமீட்டர் பக்கம்தான். இரண்டு தூண்டு ஒளிகளில் கிடைக்கும் ஒளிர்வின் விகிதத்தை எடுப்பதால், ஒரு செல்லில் உணரி நிறைய இருக்கிறதா கொஞ்சமாக இருக்கிறதா என்பது விடையைப் பெரிதாகப் பாதிக்காது. இந்த முறையின் உயிர்நாடியே இந்த விகிதம்தான்.

வெறும் ரோஜிஎஃப்பி மெதுவானது. செல்லுக்குள் எதோடு சமநிலைக்கு வருகிறது என்பதும் தெளிவில்லை. ஹைடல்பெர்க்கில் உள்ள ஜெர்மன் புற்றுநோய் ஆய்வு மையத்தில் டோபியாஸ் டிக் குழு இதைத் தீர்த்தது. குளுட்டாரெடாக்சின் என்ற மனித நொதியை ரோஜிஎஃப்பி2 என்ற வகையுடன் ஒட்டி, 2008-இல் ஜிஆர்எக்ஸ்1-ரோஜிஎஃப்பி2-ஐ வெளியிட்டார்கள். ஒட்டப்பட்ட நொதி, உணரியைக் குளுட்டதயோனோடு மட்டும் விரைவாகச் சமநிலைப்படுத்துகிறது. அடுத்த ஆண்டே ஈஸ்ட்டின் ஓஆர்பி1 புரதத்தை ஒட்டிப் பெராக்சைடுக்கான உணரியையும் செய்தார்கள்.

இரண்டாவது குடும்பம் ஹைப்பர். பாக்டீரியாக்களின் ஆக்சிஆர் புரதம் பெராக்சைடை நேரடியாக உணரக்கூடியது. அதன் நடுவே ஒளிர்புரதத்தைச் செருகி, மாஸ்கோவில் பெலோசோவ் குழு 2006-இல் முதல் ஹைப்பரை உருவாக்கியது. 2009-இல் ஹார்வர்டில் நீட்ஹம்மர், மிட்சிசன் குழுவினர் வரிக்குதிரை மீன் குஞ்சுகளில் இந்த உணரியைப் பயன்படுத்தினார்கள். வால் துடுப்பில் காயம் பட்டதும் அதன் விளிம்பிலிருந்து பெராக்சைடு பரவுவதும், வெள்ளணுக்கள் அதன்பின் வந்து சேர்வதும் உயிருள்ள மீனிலேயே தெரிந்தன. பெராக்சைடு கேடு மட்டும் செய்வதில்லை, செய்தியும் சுமக்கிறது என்பதைக் கண்முன் காட்டிய படம் அது. ஒளிரும் உணரிகளை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு இத்தகைய ஒரு படமே போதுமான காரணம்.

பழைய ஹைப்பருக்குப் பெரிய குறை ஒன்று உண்டு: அமிலத்தன்மை மாறினாலும் விகிதம் மாறும். செல்லின் பிஎச் சற்று ஏறினாலே பெராக்சைடு ஏறியதுபோலத் தோன்றும். 2020-இல் வந்த ஹைப்பர்7 இதை வெகுவாகச் சரிசெய்தது. உணர்திறனும் பல மடங்கு கூடியது. இன்று புதிதாகத் தொடங்குபவர் பழைய ஹைப்பரை எடுக்க எந்தக் காரணமும் இல்லை.

என் பரிந்துரை எளிது. குளுட்டதயோன் பற்றிய கேள்விக்கு ஜிஆர்எக்ஸ்1-ரோஜிஎஃப்பி2. பெராக்சைடு பற்றிய கேள்விக்கு ஹைப்பர்7. இரண்டையும் தனித்தனி செல்களில் வைத்து ஒரே மருந்துக்கு ஒப்பிட முடிந்தால் மிக நல்லது. எண்டோபிளாச வலைக்கு மட்டும் ரோஜிஎஃப்பி2 உதவாது. அதன் நடுநிலை மின்னழுத்தம் (உணரியில் பாதி ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கும் மின்னழுத்தம்) −280 மில்லிவோல்ட் என்பதால் அங்கே எப்போதும் முழு ஆக்சிஜனேற்றத்தில் முட்டி நிற்கும். அந்த அறைக்கென்றே மாற்றியமைத்த ரோஜிஎஃப்பி1-ஐஎல் வகையைத் தேடுங்கள்.

குளுட்டதயோன் இல்லாத உயிரிகளுக்கும் வழி உண்டு. காசநோய்க் கிருமி அதற்குப் பதிலாக மைக்கோதயோலை நம்பியிருக்கிறது. இந்தியாவில் அமித் சிங் குழு 2014-இல் அந்தக் கிருமிக்கென்றே எம்ஆர்எக்ஸ்1-ரோஜிஎஃப்பி2-ஐ உருவாக்கியது. மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்லுக்குள் புகுந்த கிருமிகள் எல்லாம் ஒரே ரெடாக்ஸ் நிலையில் இல்லை என்பதை அது காட்டியது.

படி 3: செல்லுக்குள் கொண்டுபோதல்

பெரும்பாலான உணரிகளின் பிளாஸ்மிடுகள் (உணரியின் மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையங்கள்) ஆட்ஜீன் போன்ற இலாப நோக்கற்ற களஞ்சியங்களில் கிடைக்கின்றன. இந்தியாவில் வேலை செய்பவர்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதலை ஆர்டர் போடுவதற்கு முன்பே வாங்கிவிடுவது நல்லது.

செல்லுக்குள் டிஎன்ஏவைச் சில நாட்களுக்கு மட்டும் நுழைக்கும் தற்காலிக டிரான்ஸ்ஃபெக்‌ஷன் முதல் சோதனைக்குப் போதும். 24 முதல் 48 மணி நேரத்தில் ஒளிர்வு தெரியும். தொடர்ந்து வேலை செய்யப் போகிறீர்கள் என்றால் லென்டிவைரஸ் வழியாக நிலையான செல் வரிசை ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். மிகப் பிரகாசமான செல்களைத் தேர்ந்தெடுக்கும் ஆசையை அடக்க வேண்டும். உணரி அளவுக்கு மீறி இருந்தால் அதுவே பெராக்சைடை உறிஞ்சும் பெராக்சிடேஸாக நடந்துகொள்ளும். மைட்டோகாண்ட்ரியாவுக்கு அனுப்பியது பாதி சைட்டோசாலிலேயே தங்கிவிடவும் கூடும். பின்னணியிலிருந்து தெளிவாகப் பிரிந்து தெரியும் நடுத்தர ஒளிர்வு போதும்.

உணரி சரியான அறைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை மைட்டோட்ராக்கர் போன்ற சிவப்பு அல்லது தொலைசிவப்புச் சாயத்தோடு சேர்த்துப் படம் எடுத்து உறுதிசெய்யுங்கள். இந்தப் படத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

படி 4: மீடியாவில் ஒளிந்திருக்கும் சிக்கல்கள்

வழிகாட்டிகள் பலவும் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. ஆனால் சோதனைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

செல்களை வளர்க்கும் ஊட்டக் கரைசலே மீடியா. வழக்கமான டிஎம்இஎம் மீடியாவின் பல வகைகளில் 1 மில்லிமோலார் சோடியம் பைருவேட் இருக்கிறது. பைருவேட் எந்த நொதியின் உதவியும் இல்லாமல் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைத்துவிடும். 50 மைக்ரோமோலார் பெராக்சைடு ஊற்றியும் செல் அசையவில்லை என்றால், செல்லின் எதிர்ப்புத்திறனை வியக்கும் முன் பாட்டிலின் லேபிளைப் படியுங்கள். சீரமும் பெராக்சைடைக் குறைக்கும். ஃபீனால் ரெட் என்ற மீடியா நிறமி பின்னணி ஒளிர்வைக் கூட்டும். ரைபோஃப்ளேவினும், பிஎச்-ஐ நிலையாக வைக்கும் ஹெப்பஸும் உள்ள மீடியா வெளிச்சத்தில் கிடந்தால் தானாகவே பெராக்சைடை உற்பத்தி செய்யும்.

எனவே படம் எடுக்கும்போது குளுக்கோஸ், கால்சியம், மெக்னீசியம் சேர்த்த எளிய உப்புக் கரைசல் ஒன்றைப் பயன்படுத்துங்கள், பிஎச் 7.4, வெப்பநிலை 37 டிகிரி. ஹெப்பஸ் சேர்க்க வேண்டியிருந்தால் கரைசலை இருட்டில் வையுங்கள்.

பெராக்சைடு பாட்டிலை நம்பாதீர்கள். 30 விழுக்காடு கரைசல் புதிதாக இருக்கும்போது ஏறத்தாழ 9.8 மோலார், திறந்து பல மாதம் ஆனது எவ்வளவு இருக்கும் என்று சொல்ல முடியாது. நீர்த்து, 240 நானோமீட்டரில் உறிஞ்சலை அளந்து, மோலார் உறிஞ்சு கெழு 43.6 என்று கொண்டு செறிவைக் கணக்கிடுங்கள். நீர்த்த கரைசலை அன்றன்றே தயாரிக்க வேண்டும்.

இன்னொன்று, செல்களின் எண்ணிக்கை. ஒரே 100 மைக்ரோமோலார் பெராக்சைடு, செல்கள் நெருக்கமாக உள்ள கிண்ணத்தில் சீக்கிரம் தீர்ந்துவிடும். அரிதாக உள்ள கிண்ணத்தில் நீண்ட நேரம் தாக்கும். செறிவை மட்டும் குறித்துவிட்டுச் செல் எண்ணிக்கையை விட்டுவிட்டால், உங்கள் சோதனையை அடுத்த ஆய்வகம் திரும்பச் செய்ய முடியாது. செல்லுக்குள் இயல்பாக இருக்கும் பெராக்சைடு 1 முதல் 100 நானோமோலார் வரைதான் என்பதையும், வெளியே ஊற்றுவதில் மிகச் சிறு பங்கே உள்ளே சேர்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். இயல்பான அளவை ஒத்த தூண்டல் வேண்டுமென்றால் டி-அமினோ அமில ஆக்சிடேஸ் நொதியைச் செல்லுக்குள் வைத்து, மீடியாவில் டி-அலனினைச் சேர்க்கலாம். டி-அலனின் அளவைக் கூட்டிக் குறைத்தே உள்ளே உருவாகும் பெராக்சைடைக் கட்டுப்படுத்தலாம்.

படி 5: நுண்ணோக்கி அமைப்பு

லேசரால் வருடிப் படமெடுக்கும் கன்ஃபோகல் நுண்ணோக்கி என்றால் 405, 488 நானோமீட்டர் லேசர்கள் இரண்டையும் வரிக்கு வரி மாற்றி மாற்றி ஓட்டுங்கள். முழுப் படத்துக்கு ஒன்று என்று மாற்றினால் செல் நகர்ந்து விகிதம் பிசகும். உமிழ்வை 500 முதல் 530 வரை சேகரியுங்கள்.

405 லேசரைக் கூடியமட்டும் குறைத்து வையுங்கள். அந்த ஒளியே உணரியை ஆக்சிஜனேற்றம் செய்யக்கூடியது. மருந்து எதுவும் இல்லாமல் முழு நேரமும் படம் எடுத்துப் பாருங்கள். விகிதம் நேர்கோடாக நின்றால்தான் அமைப்பு சரி. ஏறிக்கொண்டே போனால் லேசர் திறனைக் குறையுங்கள் அல்லது படங்களுக்கு இடையிலான நேரத்தைக் கூட்டுங்கள்.

டிடெக்டர் அமைப்பை இரு எல்லைகளிலும் சோதித்த பிறகே பூட்டுங்கள். ரோஜிஎஃப்பி என்றால் முழுமையாக ஒடுக்கிய செல்லில் 488-இன் ஒளிர்வும், முழுமையாக ஆக்சிஜனேற்றம் செய்த செல்லில் 405-இன் ஒளிர்வும் உச்சத்தில் இருக்கும்; ஹைப்பரில் இது தலைகீழ். இரண்டிலும் ஒரு பிக்சல்கூட நிரம்பி வழியக் கூடாது. பூட்டிய பின் அந்த நாள் முழுதும் எதையும் தொடக் கூடாது.

உணரி இல்லாத செல்களையும் அதே அமைப்பில் படம் எடுங்கள். 405-இல் தூண்டினால் என்ஏடிஎச் போன்றவை தாமாகவே ஒளிரும். தாவரத் திசுவிலும் கல்லீரலிலும் இது கணிசமானது.

படி 6: பதிவு ஓட்டம்

முதல் ஐந்து நிமிடம் எதுவும் சேர்க்காமல் அடிநிலையைப் பதியுங்கள். 20 முதல் 30 வினாடிக்கு ஒரு படம் போதும். பிறகு மருந்து, அல்லது அதைக் கரைத்த கரைப்பான் மட்டும். மாற்றம் நின்று கோடு சமமாகும்வரை காத்திருங்கள்.

கடைசியாக, அதே செல்களில் அளவுத்திருத்தம். ரோஜிஎஃப்பி என்றால் 1 முதல் 2 மில்லிமோலார் டையமைடு சேர்த்து முழு ஆக்சிஜனேற்ற விகிதத்தைப் பிடியுங்கள். கழுவிவிட்டு 10 மில்லிமோலார் டிடிடி சேர்த்து முழு ஒடுக்க விகிதத்தைப் பிடியுங்கள். இந்தப் பத்து இருபது நிமிடத்தைச் சேமிக்க நினைத்து விட்டுவிட்டால், அன்று முழுதும் எடுத்த விகிதங்கள் அந்த நுண்ணோக்கியின் அன்றைய அமைப்புக்கு மட்டுமே பொருள் தரும் எண்களாகிவிடும். ஹைப்பர்7-க்கு முழு ஆக்சிஜனேற்றம் காண டையமைடுக்குப் பதில் பெராக்சைடையே பயன்படுத்துங்கள்.

படி 7: கணக்கு

படங்களைப் பகுத்தறிய ஃபிஜி மென்பொருள் இலவசம், போதுமானது. இரு படங்களிலிருந்தும் பின்னணியைக் கழியுங்கள், 32-பிட்டாக மாற்றுங்கள், மங்கலான பிக்சல்களை வரம்பு வைத்து நீக்குங்கள், பிறகு வகுங்கள். பின்னணியைக் கழிக்காமல் வகுத்தால் மங்கலான செல்களின் விகிதம் பொய்யாகும்.

வகுக்கும் திசையில் கவனம் வேண்டும். ரோஜிஎஃப்பி-க்கு 405-ஐ 488-ஆல் வகுத்தால் ஆக்சிஜனேற்றத்தில் விகிதம் ஏறும். ஹைப்பர் குடும்பத்தில் நேர் எதிர். 488-ஐ 405-ஆல் வகுக்க வேண்டும்.

ரோஜிஎஃப்பி-யின் ஆக்சிஜனேற்ற அளவுக்கான சூத்திரம்:

ஆக்சிஜனேற்ற அளவு = (வி − ஒ) ÷ [க × (ஆ − வி) + (வி − ஒ)]

இதில் வி என்பது அளந்த விகிதம். ஒ முழு ஒடுக்க விகிதம். ஆ முழு ஆக்சிஜனேற்ற விகிதம். க என்பது 488-இல் முழு ஆக்சிஜனேற்ற நிலையின் ஒளிர்வை முழு ஒடுக்க நிலையின் ஒளிர்வால் வகுத்தது.

விளக்கத்துக்காகச் சில எண்களை வைத்துப் பார்ப்போம். ஒ = 0.3, ஆ = 2.1, க = 0.3, வி = 0.5 என்றால், 0.2 ÷ (0.3 × 1.6 + 0.2) = 0.29. அதாவது 29 விழுக்காடு உணரி ஆக்சிஜனேற்ற நிலையில் இருக்கிறது. ‘க’வை மறந்து இரு எல்லைகளுக்கும் இடையே நேர்விகிதமாகக் கணக்கிட்டால் 11 விழுக்காடு என்று வரும். ஒரே படத்திலிருந்து இவ்வளவு வேறுபட்ட இரு விடைகள், சரி முதலாவது.

ஜிஆர்எக்ஸ்1-ரோஜிஎஃப்பி2-இன் விழுக்காட்டை நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் இட்டால் குளுட்டதயோனின் மின்னழுத்தம் கிடைக்கும். மேலே உள்ள 29 விழுக்காட்டுக்கு, பிஎச் 7-இல் அது ஏறத்தாழ −291 மில்லிவோல்ட். மைட்டோகாண்ட்ரியா உட்பகுதியின் பிஎச் 8-ஐ ஒட்டி இருப்பதால் அங்கே நடுநிலை மின்னழுத்தத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த உணரி நம்பகமாக வேலை செய்யும் எல்லை −315 முதல் −245 மில்லிவோல்ட் வரை. −320-இல் உணரியின் 4 விழுக்காடு மட்டுமே ஆக்சிஜனேற்ற நிலையில் இருக்கும். அந்த இடத்தில் ஒரு விழுக்காட்டுப் பிழைகூட மின்னழுத்தத்தைச் சில மில்லிவோல்ட் நகர்த்திவிடும். எனவே ‘மருந்து செல்லை மேலும் ஒடுக்கியது’ என்ற முடிவை இந்த உணரியை மட்டும் நம்பிச் சொல்லாதீர்கள்.

படி 8: நீங்களே உங்களைச் சந்தேகியுங்கள்

தேவையான கன்ட்ரோல்கள்: உணரி இல்லாத செல்கள், கரைப்பான் மட்டும் கொடுத்த செல்கள், வினைபுரியும் சிஸ்டீனை நீக்கிச் செயலிழக்கச் செய்த உணரி கொண்ட செல்கள். மூன்றாவது மிக முக்கியம். செயலிழந்த ஹைப்பர்7-ம் உங்கள் மருந்துக்கு அசைந்தால், நீங்கள் பார்த்தது பிஎச் மாற்றமாகவோ மருந்தின் சொந்த ஒளிர்வாகவோ இருக்கலாம். குர்குமின், க்வெர்சிட்டின் போன்ற தாவரச் சேர்மங்களை ஆராய்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மஞ்சளிலிருந்து வரும் குர்குமின் 405 பக்கத்து ஒளியை நன்றாக உறிஞ்சிப் பச்சைப் பக்கம் ஒளிரும். உணரியின் அதே வாய்க்காலில் வந்து கலந்துவிடும்.

படி 9: திசுவில் அளத்தல்

உயிருள்ள மீன் குஞ்சு, புழு, தாவர வேர் போன்ற ஒளி ஊடுருவும் உயிரிகளில் செல்களில் செய்ததையே செய்யலாம். ஈ, எலி போன்றவற்றின் உள்ளுறுப்புகளில் சிக்கல் வேறு. அறுத்தெடுக்கும் கணத்திலிருந்து காற்றின் ஆக்சிஜன் உணரியை மாற்றத் தொடங்கிவிடும். ஃபார்மால்டிஹைடு கொண்டு நிலைப்படுத்தும்போதும் மாறும்.

இதற்கு வழி என்-எத்தில்மேலிமைடு, சுருக்கமாக என்இஎம். சவ்வுகளைக் கடந்து உள்ளே போய், ஒடுக்க நிலையில் உள்ள சிஸ்டீன்களோடு விரைவாகப் பிணைந்து, அந்தக் கணத்து நிலையை அப்படியே பூட்டிவிடும். டிக் குழு 2011-இல் பழ ஈக்களில் இந்த வழியில் உறுப்பு உறுப்பாக வரைபடம் எடுத்தது. வயதாக ஆக உடல் முழுதும் ஒரே மாதிரி ஆக்சிஜனேற்றம் கூடும் என்ற எதிர்பார்ப்பை அந்த வரைபடம் உறுதிப்படுத்தவில்லை. மாற்றம் சில திசுக்களோடு நின்றது. 2016-இல் அதே வழியை எலிகளின் உறைதிசுச் சீவல்களுக்கும் விரிவாக்கினார்கள்.

செய்முறை: 20 மில்லிமோலார் என்இஎம் கலந்த பஃபருக்குள்ளேயே திசுவை அறுத்தெடுங்கள். பத்து நிமிடம் ஊறவிட்டு, 4 விழுக்காடு பாராஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்துங்கள். கழுவிக் கண்ணாடியில் ஏற்றுங்கள். அளவுத்திருத்தத்துக்கென ஒதுக்கிய திசுத் துண்டுகளை மட்டும் முதலில் டிடிடி அல்லது டையமைடில் ஊறவைத்து, அவற்றைக் கழுவிய பிறகு என்இஎம்-க்கு மாற்றுங்கள். டிடிடியும் என்இஎம்-மும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் என்பதால் இடையில் கழுவுவது கட்டாயம். என்இஎம் தோலையும் கண்ணையும் தாக்கும் நச்சு. கையுறையோடு ஃபியூம் ஹூடில் கையாளுங்கள். தண்ணீரில் நாளாக நாளாகச் சிதையும் என்பதால் கரைசல் அன்றே தயாரித்ததாக இருக்கட்டும்.

தடித்த திசுவில் 405 ஒளி 488-ஐவிட அதிகம் சிதறும். ஆழம் கூடக்கூட ரோஜிஎஃப்பி-யின் விகிதம் பொய்யாகக் குறையும். எனவே ஒரே ஆழத்தில் எடுத்த படங்களை மட்டுமே ஒப்பிடுங்கள்.

படி 10: கட்டுரையில் என்ன எழுத வேண்டும்

உணரியின் முழுப் பெயரும் பிளாஸ்மிட் மூலமும், செல் அடர்த்தி, படம் எடுத்த கரைசலின் உள்ளடக்கம், லேசர் திறன், உமிழ்வு எல்லை, ஒவ்வொரு நாளின் முழு ஒடுக்க, முழு ஆக்சிஜனேற்ற விகிதங்கள், எத்தனை செல்கள், எத்தனை தனித்தனிச் சோதனைகள். ஒரே கிண்ணத்தின் நூறு செல்களை நூறு சோதனைகளாக எண்ணாதீர்கள். கிண்ணம்தான் ஒரு சோதனை. ‘ஆர்ஓஎஸ் அதிகரித்தது’ என்று எழுதாமல் ‘சைட்டோசாலில் ஹைப்பர்7-இன் விகிதம் இவ்வளவு உயர்ந்தது’ என்று அளந்ததை மட்டும் எழுதுங்கள். வண்ணம் தீட்டிய விகிதப் படத்தோடு 405, 488 இரண்டின் மூலப் படங்களையும் இணைப்பில் சேர்த்தால், படிப்பவர் உங்கள் கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம்.